ஓடைக்கு இந்தப் பக்கம்

கேப்டன் சுடலையாண்டி அடித்த பந்து முதன்முதலாக ஓடைக்குள் விழுந்த அன்று எதிர்க்காற்று பலமாக இருந்தது. அதனால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் இலைகூட அசையவில்லை. அன்றும் பந்து ஓடைக்குள்தான் விழுந்தது.

இலஞ்சியைத் தாண்டி மலையடிவாரத்தில் குமரகுருவுக்கு ஒரு பெரிய மாந்தோப்பு இருந்தது. குன்னூரில் படித்த காலத்தில் கோல்ஃப் பைத்தியம் பிடித்த மனிதர் அவர். காய்ப்பு ஓய்ந்த மரங்களை வெட்டிப் புல் வளர்த்து, ஒன்பது குழி கொண்ட மைதானம் ஒன்றை உண்டாக்கிவிட்டார். தென்காசி டாக்டர்கள், வக்கீல்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்துக்கே நட்சத்திரம் சுடலையாண்டிதான். சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து கவுரவ கேப்டனாக வெளியே வந்தவர். வெலிங்டனில் இருந்தபோது, அதிகாரிகளின் ஆட்டத்துக்கு ஆள் குறைந்த ஒருநாள் அவர் கையில் மட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அடித்த பந்தைத் தேடவே அன்று வெகுநேரம் ஆனதாம்.

மைதானத்தின் நாலாம் குழிக்கு மேட்டிலிருந்து அடிக்க வேண்டும். நடுவில் மலையிலிருந்து இறங்கி வரும் ஓடை குறுக்கே போகும். பெரும்பாலானவர்கள் ஓடைக்கு இந்தப் பக்கமே பந்தைப் போட்டு, அடுத்த அடியில் தாண்டுவார்கள். ஒரே அடியில் தாண்டுகிறவர் கேப்டன் ஒருத்தர்தான். விருந்தாளி யார் வந்தாலும் குமரகுரு அவர்களை நாலாம் குழிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"கேப்டன், ஒண்ணு போடுங்க. சார் பாக்கட்டும்."

பந்து மலைக்கு நேராக எழும்பி, பார்க்கிறவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க, ஓடைக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புள்ளியாகப் போய் விழும். கைதட்டுவார்கள். கேப்டன் ஒன்றும் நடக்காததுபோல் மட்டையைத் துடைப்பார்.

அறுபத்தேழு வயதில் அது நின்றது. எங்கே போயிற்று அந்தத் தூரம் என்று அவருக்கே விளங்கவில்லை. அதே மட்டை, அதே நிற்பு, அதே வீச்சு. பந்தில் படும் சத்தம்கூட அதேதான். ஆனால் அந்தரத்தில் பாதி வழியிலேயே பந்துக்குக் களைப்பு வந்துவிடுகிறது. பெங்களூரிலிருந்து புது மட்டை வரவழைத்தார். தாண்டவில்லை. உடம்பை இன்னும் முறுக்கி அடித்தார். பந்து மாமரங்களுக்குள் ஓடி ஒளிந்தது. பிளாஸ்டிக் குழாயில் மணலை அடைத்து மொட்டைமாடியில் தினமும் காலையில் வீசிப் பழகினார். துணி காயப்போட வந்த மனைவி வள்ளித்தாய் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இந்த வயசுல யாரை அடிக்கப் போறிய?"

அவர் குழாயை மறுபடி ஓங்கினார்.

வாரநாட்களில் அவரோடு ஆடுகிறவர் ஜஸ்டின். தென்காசியில் பெயிண்ட் கடை வைத்திருந்து, மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். நீளமாக அடிக்கத் தெரியாது. குனிந்த தலை நிமிராமல் தன் பந்தோடு மட்டும் பேசிக்கொண்டு ஆடுகிற மனிதர். ஒரு வியாழக்கிழமை, ஜஸ்டின் பின்னால் வந்துகொண்டிருக்கும்போது, கேப்டன் பாலத்தை முதலில் கடந்தார். கால்சட்டைப் பைக்குள் இருந்த கையில் அதே ரகப் பந்து ஒன்று இருந்தது. நடந்துகொண்டே கையைத் திறந்தார். பந்து புல்லில் சத்தமில்லாமல் விழுந்தது.

"இங்கன கிடக்கு, வே!" என்றார். தன் குரல் இவ்வளவு இயல்பாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். அதற்காக வெட்கப்பட்டார். ஆனால் வெட்கத்தைவிட வேறொன்று அவரை அதிகம் அரித்தது. இன்று தாண்டவில்லை என்று சொன்னால், போன வாரம் எப்படித் தாண்டியது? போன மாதம்? ஒரே ஒருநாள் திறந்த கை, இப்போது மூட முடியாத கையாகிவிட்டது. விருந்தாளிகள் வருகிற நாட்களில் தோள்பட்டை வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டார்.

ஆடி மாதச் சாரலில் குமரகுரு ஒரு போட்டி வைத்தார். இரண்டிரண்டு பேராக ஆட வேண்டும். ஆளுக்கு ஒரு பந்து, அதில் அவரவர் பெயரை அச்சடித்துக் கொடுத்தார்கள். தன் பெயர் போட்ட பந்தை வாங்கி கேப்டன் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பைக்குள் இன்னொரு பந்து வைத்து இனிப் பிரயோஜனமில்லை.

அன்று மலை தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கிக் கிடந்தது. நாலாம் குழி மேட்டில் அவரும் ஜஸ்டினும் மட்டும்தான். மற்றவர்கள் முன்னும் பின்னும் தள்ளி இருந்தார்கள். கேப்டன் அடித்தார். இரண்டு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு அடி விழவில்லை. ஒரு கணம் போய்விடும் என்றுதான் நினைத்தார். பந்து எதிர்க்கரைச் சுவரில் பட்டு, ஓடைக்குள் விழுந்தது.

ஜஸ்டினின் பந்து வலதுபக்கம் மரங்களுக்குள் போயிருந்தது. "நீரு முன்னால போம். நான் தேடிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேப்டன் வேகமாக இறங்கினார். ஓடையின் இரண்டு கரையிலும் ஆளுயரத்துக்கு மேல் கருங்கல் சுவர். பாலத்துக்கு அருகே சுவரில் இரும்புக் கம்பிகளைப் படியாகப் பதித்திருந்தார்கள். எட்டிப் பார்த்தபோது பந்து ஒரு பாறையோரம் வெள்ளையாகக் கிடந்தது. தண்ணீர் கணுக்கால் அளவுதான். இறங்கி எடுத்து, அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு ஏறிவிடலாம். ஜஸ்டின் வருவதற்குள் முடிந்துவிடும்.

இறங்கினார். குனிந்து பந்தை எடுத்தார். நிமிரும்போது இடுப்பில் ஏதோ வெட்டியதுபோல் பிடித்தது.

பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். மூச்சை இழுத்தால்கூட வலித்தது. மெதுவாக எழப் பார்த்தார். கால் சொன்னபடி கேட்கவில்லை. பாலத்துக்கு அடியில் நகர்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டார். கொஞ்சம் பொறுத்தால் விட்டுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போது தலைக்கு மேலே பலகை அதிர்ந்தது. ஜஸ்டின் மட்டைப் பையின் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார். பலகை இடுக்கில் அவருடைய செருப்பின் நிழல் தெரிந்தது.

"கேப்டன்!" என்று ஜஸ்டின் கூப்பிட்டார். "எங்கன இருக்கீரு?"

ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தால் போதும். ஆனால் ஓடைக்குள் இருந்து குரல் கொடுத்தால், பந்து எங்கே விழுந்தது என்று கேட்காமலே தெரிந்துவிடும். கேப்டன் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டு, பந்தைக் கைக்குள் இறுக்கி, மூச்சை அடக்கினார். எல்லையில் பதுங்கியிருந்த நாட்களில்கூட அப்படி அடக்கியதில்லை. வண்டிச் சக்கரம் உருண்டு அந்தப் பக்கம் போயிற்று.

முதலில் வந்தது சருகு. பிறகு சுள்ளிகள். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், தேயிலைச் சாயம் கலந்ததுபோல் நிறம் மாறியது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அதற்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே மலையில் அடித்துப் பெய்கிறது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது.

எழுந்தார். எழ முயன்றார் என்பதுதான் சரி. கம்பிப் படியைப் பிடித்துவிட்டார். காலைத் தூக்க முடியவில்லை. முழங்காலைத் தண்ணீர் தொட்டபோதுதான் அவருக்குக் குரல் வந்தது.

"ஜஸ்டின்! ஏ, ஜஸ்டின்!"

ஓடையின் இரைச்சலில் அந்தக் குரல் அவர் காதுக்கே சரியாக எட்டவில்லை. மறுபடி மறுபடி கத்தினார். கையில் இன்னும் பந்து இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பந்தை எதிர்க்கரைக்கு மேலே எறிந்தார். வலியில் கண் இருண்டது. பந்து சுவரைத் தாண்டி மறைவதைப் பார்த்தார். ஜஸ்டின் பார்ப்பார். பந்து வந்த வழியைப் பார்ப்பார். வந்துவிடுவார்.

யாரும் வரவில்லை.

தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. கேப்டன் இரண்டு கைகளையும் கம்பிக்குள் நுழைத்துக் கோத்துக்கொண்டார். மேலே வானம் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தெரிந்தது. வலது பக்கம் கல், இடது பக்கம் கல். இத்தனை நாளாக இந்த ஓடையை அவர் மேட்டில் நின்று ஒரு கோடாகத்தான் பார்த்திருக்கிறார். உள்ளே இவ்வளவு ஆழம் என்று தெரியாது. வள்ளித்தாய் மத்தியானம் சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள் என்று நினைத்தார். தண்ணீர் நெஞ்சில் மோதியது.

ஜஸ்டினை உஷார்ப்படுத்தியது அவருடைய கைபேசி. மெயின் அருவியில் குளிக்கத் தடை, ஆட்களை வெளியேற்றுகிறார்கள் என்று மகன் செய்தி அனுப்பியிருந்தான். அதைப் படித்துவிட்டு ஓடையைத் திரும்பிப் பார்த்தவர், பாலத்துக்கு ஓடிவந்து குனிந்து பார்த்தார். செந்நிறத் தண்ணீருக்கு மேல் ஒரு நரைத்த தலையும் இரண்டு கைகளும் தெரிந்தன.

"ஐயோ, முத்துராஜ்! ஓடியா! கயிறு கொண்டா!"

புல்வெட்டும் முத்துராஜ் டிராக்டரை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தான். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அவனே கம்பிப் படியில் இறங்கி, கேப்டனின் அக்குளில் கயிற்றைக் கோத்தான். ஜஸ்டினும், சத்தம் கேட்டு ஓடிவந்த மற்றவர்களும் இழுத்தார்கள். கேப்டனைப் புல்லில் கிடத்தியபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்ன ஆச்சு? எப்படி உள்ள விழுந்தாரு?" என்று பதறினார் குமரகுரு.

கேப்டன் வாயைத் திறப்பதற்குள் ஜஸ்டின் சொல்லிவிட்டார்: "பாலத்து ஓரமா நின்னு தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கால் வழுக்கிட்டு."

எதிர்க்கரைப் பக்கமிருந்து யாரோ கூவினார்கள். "சார், கேப்டன் பந்து இங்க கிடக்கு! பேர் போட்டிருக்கு!"

குமரகுருவின் முகம் மலர்ந்தது. "பாத்தியளா! இந்த மழையிலயும் தாண்டிட்டாரு!" கூட்டத்தில் ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். கேப்டன் சொட்டச் சொட்ட நனைந்தபடி, அசைய முடியாமல், அந்தக் கைதட்டலுக்கு அடியில் கிடந்தார்.

இடுப்பில் பட்டை கட்டி மூன்று வாரம் படுக்கையில் போட்டார்கள். ஜஸ்டின் ரஸ்தாளிப் பழத்தோடு பார்க்க வந்தார். வள்ளித்தாய் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனபிறகு கேப்டன் கேட்டார்.

"நான் எறிஞ்ச பந்து உம்ம கிட்டதானே வந்து விழுந்துச்சு?"

"காலடியில விழுந்துச்சு."

"பின்ன ஏன் வரல?"

ஜஸ்டின் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் திரும்பி நின்னுக்கிட்டேன் வே. எப்பவும்போல."

"எப்பவும்போலயா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நீரு பந்தை எடுத்துப் போடுத நேரம் நான் செருப்பைப் பாப்பேன், இல்லன்னா மலையப் பாப்பேன். அன்னைக்கும் அப்படித்தான்னு நினைச்சேன். நீரு கத்துனது காதுல விழல." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீரு செத்திருந்தா நான் என்ன செய்வேன்?"

கேப்டன் இடுப்புப் பட்டையைத் தடவினார். "ரெண்டு வருசமா தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றார்.

"கேட்டா மறுநாளே ஆட வரமாட்டீரு. எனக்கு வேற யாரு இருக்கா? கடையில மகன் உக்காரவிட மாட்டேங்கான். நீரு வருத வியாழக்கிழமைக்குத்தான் நான் புதன்கிழமையே சட்டை தேய்ச்சு வைக்கேன்."

வள்ளித்தாய் டம்ளரை எடுக்க வந்தாள். ஜஸ்டின் ரஸ்தாளிப் பழத்தின் விலையைச் சொல்ல ஆரம்பித்தார்.

புரட்டாசியில் கேப்டன் மறுபடி மைதானத்துக்குப் போனார். குமரகுரு சென்னையிலிருந்து வந்த விருந்தாளி ஒருவரோடு நாலாம் குழி மேட்டில் காத்திருந்தார்.

"இவருதான் சார். கேப்டன், ஒண்ணு போடுங்க."

கேப்டன் பையிலிருந்து குட்டை மட்டையை உருவினார். "என் பந்து ஓடையைத் தாண்டாது, குமரகுரு."

"இடுப்பு சரியாகட்டும். அவசரமில்ல."

"இடுப்பு இல்ல. ரெண்டு வருசமாவே தாண்டல. கையால எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

குமரகுரு அவரைப் பார்த்தார். பிறகு விருந்தாளியின் தோளில் தட்டிச் சிரித்தார். "பட்டாளத்துக்காரங்க தமாஷ் சார். அடக்கம் ஜாஸ்தி. வெள்ளத்துல தாண்டினதை இந்த ஊரே பாத்துச்சு."

விருந்தாளியும் சிரித்தார். கேப்டன் ஜஸ்டினைத் திரும்பிப் பார்த்தார். ஜஸ்டின் உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு தடவை சொல்லலாம் என்று கேப்டனுக்குத் தோன்றியது. சொன்னால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள் என்பதும் தெரிந்தது.

குட்டை மட்டையால் அடித்தார். பந்து சிறிதாக எழும்பி, ஓடைக்கு இந்தப் பக்கம், ஜஸ்டினின் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. "பத்திரமா ஆடுதாரு" என்று குமரகுரு பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருவரும் இறங்கி நடந்தார்கள். முன்பெல்லாம் அந்த மேட்டிலிருந்து தன் பந்தைத் தேடி நடக்கிற நடையே கேப்டனுக்கு ஒரு சுகம். வேர்க்கும், மூச்சு வாங்கும், அதற்குள் எத்தனையோ பேசிவிடலாம். இன்று ஜஸ்டின் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பந்து காலடிக்கு வந்துவிட்டது.