சிவப்புப் பொத்தான்

காரில் குழந்தையை உட்கார வைக்கும் பழைய சீட்டின் உறையைக் கழற்றித் துவைத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. துவைத்த அன்று சாயங்காலமே, எலிக்கு வேறு சீட் வாங்க வேண்டும் என்று வீட்டில் முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான். அன்றிலிருந்து மூன்று கடை ஏறி இறங்கியாயிற்று. இது நான்காவது.

எலி என்பது மகள். மூன்று வயது முடியப் போகிறது. பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற மாதிரி இருந்ததால் மாமனார் வைத்த பெயர் அது. பள்ளியில் சேர்க்கும்போது நல்ல பெயரைச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இப்போது குழந்தைகள் காப்பகத்துக்காரம்மா வரை எல்லோருக்கும் எலிதான்.

கடையின் ஒரு சுவர் முழுக்கக் காலி சீட்டுகள் அடுக்கியிருந்தன. அவளுக்கு அதில் ஏதாவது ஒன்றில் தானே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் போதும் போலிருந்தது. பால் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. இருட்டோடு கிளம்பி, லாரிகள் வரிசையில் நிற்கத் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு லாரியிலிருந்தும் மாதிரி எடுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா, புளிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால்தான் பால் உள்ளே போகும். வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளும் கடை கடையாகப் போய்க்கொண்டிருந்தது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்பது அவன் தொழில் புத்தி. கல்யாணமான புதிதில் கட்டில் வாங்கப் போன இடத்திலும் அதையேதான் கேட்டான். கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. கார் சீட் என்றதும் ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டு, மோதிப் பார்க்கும் சோதனையில் எது எத்தனை நட்சத்திரம் வாங்கியது, பக்கவாட்டில் இடித்தால் எது தலையைக் காக்கும் என்று தலைகீழாகப் படித்துவிட்டான். முடிந்தவரை குழந்தை பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், கழுத்துக்கு அதுதான் நல்லது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பாடம் நடத்தினான். அவன் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு சீட்டையும் மாமனார் தட்டிக் கழித்தார்.

மாமனார் ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவர். அடுக்குமாடியில் எல்லோரும் அவரைப் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டினார் என்ற பேர் அவருக்கு இருந்தது. அது அவருக்கும் தெரியும். இப்போது தினமும் எலியைக் காரில் காப்பகத்தில் விட்டுக் கூட்டி வருவது அவர்தான். முதல் கடையில் பார்த்த சீட் ரொம்ப உயரம் என்றார், கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியாதாம். இரண்டாவது கடையில் துணி சூடாம். மூன்றாவது கடையில் இருந்ததைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, குழந்தையை இதில் உட்கார வைத்தால் விசாரணைக்குக் கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்றார். கணவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

அவருக்கு ஏன் எந்த சீட்டும் பிடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

உறையைத் துவைக்க வேண்டி வந்ததே எலி வாந்தியெடுத்ததால்தான். சீட்டை வீட்டுக்குள் தூக்கி வந்து பார்த்தபோது பெல்ட்டின் பக்கிள் மாட்டியே இருந்தது. அது புதிதில்லை. வேலை முடிந்து வந்து எப்போது காரைத் திறந்தாலும் காலி சீட்டில் பக்கிள் மாட்டித்தான் இருக்கும். டிரைவராக இருந்தவர், எதையும் ஒழுங்காக வைக்கிற மனுஷர் என்று எண்ணியிருந்தாள். சிவப்புப் பொத்தானை அழுத்திக் கழற்றினாள். தோள் பட்டை இரண்டும் கடைசி வரை தளர்த்தி விடப்பட்டிருந்தன. பட்டையின் உள்பக்கத்தில், குழந்தையின் தோள் படுகிற இடத்தில், காய்ந்த சேறு. சின்ன செருப்பின் வரி வரியான தடம்.

தோள் படுகிற இடத்தில் செருப்புக்கு என்ன வேலை?

இரண்டாம் தடவை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூடிய பக்கிள் மூடியபடியே இருக்கிறது. தளர்ந்த பட்டைக்கு நடுவில் மாமனார் குழந்தையை மேலிருந்து, பைக்குள் சாமான் வைக்கிற மாதிரி இறக்குகிறார். இறங்கும்போது அப்படியே தூக்கி எடுக்கிறார். பொத்தானை அழுத்த வேண்டிய தேவையே இல்லை. பார்க்கிறவர்களுக்குக் குழந்தை பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். ஒரு பிரேக் அழுத்திப் போட்டால் அந்தப் பட்டை எலியைப் பிடித்து நிறுத்தாது.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. கொஞ்ச காலமாக அவர் பட்டன் வைத்த சட்டையை விட்டுவிட்டு டீ-ஷர்ட்டுக்கு மாறியிருந்தார். இந்த வயதில் ஸ்டைலைப் பார் என்று கணவன் கேலி செய்தான். தண்ணீர் பாட்டிலை எலியிடம் நீட்டி, நீ பெரிய ஆளாச்சே, திற பார்ப்போம் என்பார். வாழ்நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்த கை. உள்ளங்கையில் வலு இருந்தது. கட்டை விரல்கள்தான் மரத்துப் போயிருந்தன.

அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காதவரை அது வெறும் சேறு.

பதில் வந்தால் நாளைக் காலை எலியை யார் காப்பகத்தில் விடுவது? கணவனுக்கு எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டில் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது; ஃபோன் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலேயே கிடந்து, விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டு அவளுக்குக் கிடைத்த வேலை இது. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. ஷிஃப்ட் மாற்றிக் கேட்ட பெண்ணை மேற்பார்வையாளர் என்ன சொல்லி அனுப்பினார் என்பதை அவள் பக்கத்து மேசையிலிருந்து காதால் கேட்டிருக்கிறாள். மாமனார் ஒருவரை நம்பித்தான் அந்த வேலை நின்றது.

அதனால் அவள் வேறு ஒன்று செய்தாள். துவைத்த உறையை மாட்டிவிட்டு, பட்டையை எலியின் தோளளவுக்கு இழுத்து இறுக்கி வைத்தாள். மறுநாள் சாயங்காலம் பார்த்தபோது பட்டை பழையபடி தளர்ந்து கிடந்தது. மறுபடி இறுக்கினாள். மறுபடி தளர்ந்தது. தளர்த்துகிற பிடியை உள்ளங்கையால் அழுத்தினாலே போதும். சாயங்காலம் அவள் இறுக்குவதும் காலையில் அவர் தளர்த்துவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தர் கையை ஒருத்தர் பார்க்கவில்லை.

பொத்தான் லேசாக இருக்கிற சீட் ஒன்று கிடைத்துவிட்டால் யாரும் எதையும் சொல்ல வேண்டாம் என்று அவள் நினைத்தாள். கணவன் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவள் ஒவ்வொரு சீட்டாகப் போய்ச் சுண்டு விரலால் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். சுண்டு விரலுக்கு அசைகிற பொத்தான் எங்கேயும் இல்லை.

நான்காவது கடையில் விற்பனைப் பெண் அதைக் கவனித்துவிட்டாள். கெட்டிக்காரி; முன்பின் தெரியாதவர்களிடமும் உறவு சொல்லிப் பேசுகிறவள்.

"என்னக்கா தேடுறீங்க? விரல் வலிக்கப் போகுது."

"இதவிட லேசான பட்டன் எதுலயாவது இருக்கா?"

"இருக்காதுக்கா. குழந்தை தானா தொறந்துட்டு எழுந்திரிச்சிடக் கூடாதுன்னு வேணும்னேதான் இறுக்கமா வைக்கறாங்க. லேசா இருந்துச்சுன்னா அந்த சீட்ட நீங்க வாங்கவே கூடாது."

அவள் தலையாட்டினாள். படித்தவள்தான், இது தனக்கே தோன்றியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். இவ்வளவு நாளும் தண்ணீர் கலந்த பாலையே நல்ல பால் என்று தேடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

கணவன் ஒரு சாம்பல் நிற சீட்டைப் பிடித்துவிட்டான். நட்சத்திரம், எடை, கழுத்துக்கு அணை, எல்லாம் அவன் கணக்குக்குச் சரியாக வந்தது. எலியும் அதில் ஏறி உட்கார்ந்து, மெத்து மெத்தென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மாமனார் துணியைத் தடவிப் பார்த்தார். குறை சொல்ல அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை போலிருந்தது. அவர் முகமும் களைத்துப் போயிருந்தது.

வாங்குவதற்கு முன்னால் வண்டியில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும், எல்லா சீட்டும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்று விற்பனைப் பெண் வெளியே கூட்டி வந்தாள். பழைய சீட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, புதியதை மாட்டி, முழங்காலை ஊன்றி இழுத்து இறுக்கினாள். கணவன் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. லிஃப்ட் கதவு சரியாக மூடியதைப் பார்க்கிற திருப்தி அவன் முகத்தில். எலியை உட்கார வைத்துப் பக்கிளை மாட்டி, தோள் பட்டையைக் கிள்ளச் சொன்னாள் அந்தப் பெண். விரலுக்குள் மடிப்பு சிக்கினால் தளர்வு என்று அர்த்தம். அவள் கிள்ளினாள். சிக்கவில்லை.

கணவன் விற்பனைப் பெண்ணோடு பில் போட உள்ளே போனான். கார்க் கதவு திறந்திருந்தது. வெயில் எலியின் முழங்காலில் விழுந்தது. மாமனார் வண்டிக்கூரையில் கையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"மாமா," என்றாள். "நாளைக்குக் காலைல நீங்கதான கழட்டி மாட்டணும். ஒரு தடவ பாத்துருங்க."

இவ்வளவு சொல்ல அவளுக்கு இத்தனை நாள் ஆகியிருந்தது.

"பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு. பஸ்ஸயே கழட்டி மாட்டுனவன்," என்றார். ஆனாலும் குனிந்தார்.

கட்டை விரலைப் பொத்தானில் வைத்து அழுத்தினார். விரல் வழுக்கியது. ஒரு கட்டை விரலின் மேல் இன்னொன்றை வைத்து அழுத்தினார். பிறகு விரலை மடக்கி முட்டியால். பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால். அது பொத்தானைவிடப் பெரிது, உள்ளே இறங்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கையை நீட்டவில்லை. நீட்டினால் இன்னொரு வாரம் ஓடிவிடும் என்று தெரிந்தது.

எலி பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். தாத்தா ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தாளோ என்னவோ, வழக்கம்போல இரண்டு கையையும் மேலே தூக்கினாள். அவரும் வழக்கம்போல அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். பட்டை விடவில்லை. எலி தோளை நெளித்துப் பார்த்தாள்.

"இதுல மேல வர வழியே இல்ல தாத்தா," என்றாள். "நம்ம சீட்டுதான் நல்ல சீட்டு."

அவர் கையை எடுத்துக்கொண்டார். இரண்டு கையையும் பேன்ட்டில் துடைத்தார்.

கணவன் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே வந்தான். அப்பா குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இதுலயும் குத்தமா? கலரா?" என்றான்.

மாமனார் அவளைப் பார்த்தார். அவளிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. பட்டன் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஒன்று பார்த்துவிடலாம். அதைச் சொன்னால் ஐந்தாவது கடை. அதற்கு முன் நாளைக் காலை, பழைய சீட். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"என்னால இத அழுத்த முடியலடா. பழசையும் முடியல. மூடியே வச்சு, புள்ளைய மேல இருந்து எறக்கித்தான் கூட்டிட்டுப் போறேன். மழை விட்டதுலேர்ந்தே அப்படித்தான்."

கணவன் கீழே கிடந்த பழைய சீட்டைப் பார்த்தான். தளர்ந்து தொங்கிய பட்டையைப் பார்த்தான். நேற்று சாயங்காலம் அவள் அதை இறுக்க மறந்திருந்தாள், அவ்வளவு அசதி. இன்று கடைக்கு வரும்போதும் எலியை ஏற்றி இறக்கியது அவர்தான். அவன் குரலை உயர்த்தவில்லை. எடை தாங்காத கயிற்றைப் பார்க்கிற மாதிரி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு பிரேக் போட்டிருந்தா என்னப்பா ஆயிருக்கும்," என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு எதுவும் தெரியுமா?"

"அவளுக்கு எப்படிடா தெரியும்?" என்று மாமனார் குறுக்கே விழுந்தார். "இருட்டோட போறவ. பாவம், அவள எதுக்கு இழுக்கற."

அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அவள் இறுக்கிய பட்டையை ஒவ்வொரு காலையும் தளர்த்திய கை அது. தெரிந்துதான், பஸ் கதவைத் திறந்து விடுகிற மாதிரி நின்றார், அவள் மட்டும் இறங்கிப் போய்விடட்டும் என்று. எலி இன்னும் கையைத் தூக்கியபடியே இருந்தாள். அவள் குனிந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஒரே அழுத்தில் கழன்றது. எலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள். "உறையத் தொவச்ச அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் தெனமும் அனுப்பினேன்."