இலையுதிர் காலத்து அரிசி

விடிவதற்கு முன்பே தங்கமலர் மேட்டுக்காட்டில் ஏறிவிட்டாள். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் ஒவ்வொரு ரப்பர் மரமாகத் தொட்டு நகர்ந்தது. இடக்கையால் பட்டையைத் தடவிப் பழைய வெட்டின் விளிம்பைக் கண்டுபிடித்தாள். உளியை அதில் பதித்து, உடம்பைச் சாய்த்து இழுத்தாள். பட்டை சுருளாக விழுந்தது. உளியின் பின்னாலேயே கொப்புளித்து வரவேண்டிய பால், தயங்கித் தயங்கிக் கசிந்தது. மரத்தில் கட்டியிருந்த, பால் பிடிக்கும் மங்கில் சருகு கிடந்தது. எடுத்து எறிந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதற்குள் கால் வழுக்கி முழங்கால் கல்லில் மோதியது. சரிவு முழுவதும் காய்ந்த இலை. மிதித்தால் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கியது.

நேற்றுவரை அவளுக்குச் சமதரையில்தான் வேலை. இன்று இருட்டோடு ஆள் பிரிக்கும்போது, 'தங்கமலர், மேட்டுக்காடு' என்று பெயர் வாசித்தார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை. பெண்கள் கூடிப் பேசியதை யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

கீழே நான்கைந்து நிரை தள்ளி இன்னொரு விளக்கு அசைந்தது. தோட்டத்துக்குப் புதிதாக வந்த காஞ்சனாவின் விளக்கு. அவளுக்கும் மேட்டுக்காடுதான். தன்மேல் சந்தேகம் வராமலிருக்க அவளே கேட்டு வாங்கிக்கொண்டிருப்பாளோ என்று தங்கமலருக்குத் தோன்றியது. அந்த விளக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே வெட்டினாள்.

கோலா கெத்தில் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில், தை பிறந்ததும் இலை சிவக்கத் தொடங்கும். பிறகு காடே மொட்டையாகும். துளிர் விட்டுத் தழைக்கும்வரை பால் சுண்டிப்போகும். வேலை ஒருநாள் விட்டு ஒருநாளாகும், பிறகு அடியோடு நின்றுவிடும். வெட்டினால்தான் கூலி. ஆகவே இலை சிவக்கும்போதே அரிசி, பருப்பு, எண்ணெய், கருவாடு, சவர்க்காரம், பிள்ளைகளுக்குப் பால்மாவு எல்லாம் வீட்டில் சேர்த்தாக வேண்டும்.

தோட்டத்தில் இருந்தது ஒரே கடை. அது பரஞ்சோதியின் கடை. மரங்களில் பால் வெட்டும் குத்தகையும் பரஞ்சோதியிடம்தான். கம்பெனி தோட்டத்தை அவர் கையில் விட்டுவிட்டுத் தூரத்தில் இருந்தது. இதே லயத்துத் தொழிலாளர் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர் அவர். முதலாளி என்று யாராவது கூப்பிட்டால் முகம் சுளிப்பார். அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் கடையில் எல்லாமே பட்டணத்தை விட விலை கூடுதல். ஆனால் அங்கே வாங்குகிறவர்களுக்குச் சமதரையில் நல்ல மரங்கள். பட்டணத்துப் பாசார் கடைகளிலிருந்து பை நிறையச் சாமானோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு மறுநாளே மேட்டுக்காடு. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

இந்த வருஷம் அதை மாற்றலாம் என்று முதலில் பேசியவள் காஞ்சனா. பெண்டாங் பக்கத்து நெல்வயல் ஊர்க்காரி. புருஷனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு சென்ற ஆண்டுதான் இந்தத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். முன்பு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட, இப்போது பாழடைந்து கிடந்த ஆயாக் கொட்டகையில் பெண்கள் கூடியிருந்தபோது பேச்சை எடுத்தாள்.

"எங்க அண்ணன் அரிசி ஆலையில மூட்ட தூக்குறாரு. மொத்தமா எடுத்தா ஆலை விலைக்கே குடுப்பாங்க லா அக்கா. கருவாடு கோலா கெடாவுல படகுக்காரங்ககிட்டயே வாங்கிக்கலாம். தனித்தனியா பஸ்ஸுல தூக்கிட்டு வந்தாத்தான் மேட்டுக்காடு. எல்லாரும் சேந்து எடுத்தா யார மேட்டுக்கு அனுப்புவாரு?"

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தங்கமலரை உறுத்தியது. நேற்று வந்தவள், தனக்கு ஒன்றும் வேண்டாமென்று ஊருக்காக ஏன் அலைய வேண்டும்? முன்பு ஒருமுறை தீபாவளிச் சாமானுக்கென்று எல்லாரிடமும் பணம் வாங்கிக்கொண்டு ஒருத்தி இரவோடு இரவாக மறைந்துபோனதை அவள் மறக்கவில்லை. அதனால், பணம் காஞ்சனாவின் கைக்குப் போகக் கூடாது, தானும் பக்கத்து வீட்டு உமாராணியும் வைத்திருப்போம் என்று நேருக்கு நேராகச் சொன்னாள். காஞ்சனா உடனே சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதும் சந்தேகமாகவே இருந்தது.

மேட்டுக்காட்டுக்கு அனுப்பப்பட்ட அன்று மாலையே உமாராணி இன்னொரு செய்தி கொண்டுவந்தாள். காஞ்சனா பரஞ்சோதி கடையின் பின்வாசல் வழியாக வெளியே வந்ததைத் தன் கண்ணால் பார்த்தாளாம். முன்வாசல் திறந்திருக்கும்போது பின்வாசலில் அவளுக்கு என்ன வேலை?

மறுநாள் பரஞ்சோதியின் அறிவிப்பு எல்லார் கைப்பேசியிலும் வந்து விழுந்தது. இலையுதிர் காலத்தை முன்னிட்டுத் தம் குடும்பமான தோட்ட மக்களுக்கு அரிசியும் எண்ணெயும் பாதி விலையில். வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும். வெளியில் சாமான் எடுக்காதவர்களுக்கு மட்டும். சிலர் அன்றே வாங்கினார்கள். உமாராணியும் ஒரு மூட்டை வாங்கினாள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேட்டுக்காட்டில் ஏற முடியாது என்றாள். தங்கமலர் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருஷம் குறையாத விலை ஒரே இரவில் எப்படிக் குறைந்தது என்ற கேள்வி மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

வீட்டில் கணவன் குணாளனிடம் அதைத்தான் பேசினாள். குணாளன் பரஞ்சோதியின் பால் லோரி ஓட்டுகிறவன். கடை விலைக்கே வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாமே என்றான். அவள் கேட்கவில்லை. சாமான் வைக்க நினைத்திருக்கும் கொட்டகையைப் பூட்டிவிட்டாலும் கவலையில்லை, கோயில் மடப்பள்ளியில் மூட்டைகளை அடுக்கலாம், பூசாரியிடம் நாளை கேட்கப்போகிறேன் என்றாள். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, காஞ்சனாவிடம் சொல்லவே மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னாள். குணாளன் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினான்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் பரஞ்சோதி அவளைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். கல்லாவுக்குப் பின்னால் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு மலரு."

"நிக்கிறேண்ணே. மேலெல்லாம் பால் வாடை."

"எனக்குத் தெரியாத வாடையா? உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே காட்டுல வெட்டுனவங்க. என் கடையில இல்லாத அரிசியா பெண்டாங்குல இருக்கு?"

"அதே அரிசிதாண்ணே. விலதான் வேற."

"அதான் கொறச்சிட்டேனே."

"இத்தன வருசமா கொறைக்க முடியாதது இப்ப எப்படிண்ணே முடிஞ்சுது?"

பரஞ்சோதி சிரித்தார். சிரிப்பு கண்வரை ஏறவில்லை. கம்பெனிச் சொத்தில் சாமான் அடுக்க அனுமதி இல்லை, ஆயாக் கொட்டகைக்கு இன்றே பூட்டுப் போடச் சொல்லிவிட்டேன் என்றார். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல், "கோயில் மடப்பள்ளியில அடுக்கிடலாம்னு கனவு காணாத. பூசாரிகிட்டயும் பேசியாச்சு" என்றார்.

மடப்பள்ளி என்ற சொல்லைத் தங்கமலர் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது குணாளன் வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் வாளியை இறக்கி வைத்துவிட்டு அவன் எதிரே போய் நின்றாள்.

"மடப்பள்ளிய அவருகிட்ட யாரு சொன்னது?"

அவன் தண்ணீர்க் குழாயை மூடவில்லை. தண்ணீர் அவன் காலடியில் ஓடிச் சேறானது.

"கேட்டாரு, சொன்னேன். லோரிய எனக்கே நிரந்தரமா தர்றேன்னாரு. இல்லேன்னா வேற ஆளப் போட்ருவேன்னாரு. நான் என்னா பண்றது மலரு?"

"மொதல்ல கொட்டகையில நாங்க பேசுனதச் சொன்னதும் நீங்கதானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு குழாயை மூடினான்.

"அந்தப் பொண்ண நான் என்னென்ன நெனச்சேன் தெரியுமா?" என்றாள். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. சந்தேகத்தை நெற்றியில் விளக்குப்போலக் கட்டிக்கொண்டு தோட்டம் முழுவதும் தேடியிருக்கிறாள். தன் வீட்டுக்குள் மட்டும் பார்க்கவில்லை.

நேரே காஞ்சனாவின் வீட்டுக்குப் போய்ப் பின்வாசல் விஷயத்தைக் கேட்டாள். பரஞ்சோதிதான் கூப்பிட்டனுப்பினாராம். கடையிலேயே நிழலில் வேலை தருகிறேன், இந்தப் பேச்சை விட்டுவிடு என்றாராம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

"அத ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அக்கா?" என்றாள் காஞ்சனா.

தங்கமலர் ஒன்று மட்டும் கேட்டாள். மற்றவர்களைக் கூட்ட முடியுமா என்று.

அன்று பொழுது சாயும் முன் பூட்டிய கொட்டகையின் வாசலில் எல்லாரும் கூடினார்கள். வந்தவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். யார் யாருடைய ஆள் என்று தெரியாத கூட்டம். தங்கமலர் எழுந்து, செய்தி போனது தன் வீட்டிலிருந்துதான் என்று சொன்னாள். காஞ்சனாமேல் தான் பட்ட சந்தேகத்தையும் சொன்னாள். சொல்லும்போது முகம் எரிந்தது. பின்வரிசையில் ஒருத்தி, பரஞ்சோதி தன் மகனையும் கூப்பிட்டு விசாரித்தார் என்றாள். இன்னொருத்தி தன் மாமனாரை என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பயந்த ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

உமாராணி ஒரு கிண்ணத்தில் தான் வாங்கிய பாதி விலை அரிசியைக் கொண்டுவந்திருந்தாள். எல்லார் மூக்கருகிலும் நீட்டினாள். ஈரமேறிய பழைய சாக்கின் நாற்றம். விரலால் கிளறினால் நூலாம்படையும் வண்டும். எங்கோ தண்ணீரில் நனைந்து கழித்துப்போட்டதைக் காயவைத்துப் புதுப்பையில் கட்டியிருக்கிறார்கள்.

சாமானை எங்கே வைப்பது என்பதுதான் மிச்சமிருந்தது. காஞ்சனா ஒரு வழி சொன்னாள். அரிசி முழுவதும் சில வீடுகளில், எண்ணெய் சில வீடுகளில், பருப்பும் கருவாடும் வேறு வீடுகளில். ஒருவர் சோறு இன்னொருவர் வீட்டில் இருக்கும். ஒரு வீட்டை மிரட்டி விலைக்கு வாங்கினால், மற்ற வீடுகள் அதன் பங்கைத் தராது, அந்த வீட்டின் அடுப்பே எரியாது. சந்தேகப்பட்டுக்கொண்டேதான் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் நேரத்தில் பெண்டாங் லோரி தோட்டத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது. கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. காவல்காரர் தலையைக் குனிந்துகொண்டு, வெளிக் காடி எதுவும் உள்ளே வரப் பெர்மிட் இல்லை என்றார். பரஞ்சோதி குடையோடு நின்றிருந்தார்.

கேட்டின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள் போகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. காஞ்சனா லோரியில் ஏறி முதல் மூட்டையை இறக்கினாள். லயத்துக்குப் போகும் மண்பாதை நெடுக ஆணும் பெண்ணுமாக நின்றார்கள். மூட்டை சந்து வழியாகக் கைமாறத் தொடங்கியது. பாதி விலை அரிசியை வாங்கியவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள்.

"தொட்டவங்க பேரு நாளைக்கு வாசிக்க மாட்டேன்" என்றார் பரஞ்சோதி. "வெளிநாட்டு ஆளு ரெடியா இருக்கு. ஒரு போன் போதும்."

தங்கமலர் தோளிலிருந்த மூட்டையை இறக்கவில்லை. அப்படியே திரும்பி நின்றாள்.

"ஒருத்தர் பேரு வாசிக்கலேன்னாலும் நாங்க யாரும் காட்டுக்குப் போகலண்ணே. அவங்களக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் இந்த வண்டரிசியத்தானே விப்பீங்க? அவங்களும் எங்ககூட வந்து நிப்பாங்க."

"எத்தன நாளைக்கு நிப்பீங்க? பசிச்சா என் கடைக்குத்தான் வரணும்."

"அதான் பயமாண்ணே?" என்றாள் அவள். "துளிர் வர்ற வரைக்கும் இந்த வருசம் எங்ககிட்ட சோறு இருக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது முழுதாக உறைத்தது. பழைய அரிசியைப் பாதி விலைக்குத் தள்ளியதும், கொட்டகையைப் பூட்டியதும், வீட்டு ஆண்களை விலைக்குக் கேட்டதும் கடை வியாபாரத்துக்காக மட்டுமில்லை. வீட்டில் தங்கள் அரிசி இருக்கிறவர்கள் வேலைக்கு மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்ற பயம் அவருக்கு.

பரஞ்சோதியின் முகம் கறுத்தது. கைப்பேசியில் யாரையோ அழைத்தார். சற்று நேரத்தில் தோட்டத்துக்குள்ளிருந்து பால் லோரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவன் குணாளன். அந்தச் சந்து வழியை அடைத்து லோரியை நிறுத்தும்படி பரஞ்சோதி கையைக் காட்டினார். வரிசை நின்றது. தங்கமலர் கணவனைப் பார்க்கவில்லை. லோரியின் சக்கரத்தைத்தான் பார்த்தாள். அது சந்துப் பக்கம் திரும்பியது, மெதுவாக வந்தது, பாதி வழியில் நின்றது.

குணாளன் எஞ்சினை அணைத்தான். இறங்கி வந்து சாவியைப் பரஞ்சோதியின் கையில் வைத்தான்.

"நான் அடைக்க மாட்டேண்ணே" என்றான்.

பரஞ்சோதி சாவியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். நாளைக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடையை நோக்கி நடந்தார். நாளைக்கு என்ன நடக்கும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. போலீஸ் வரலாம், வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம், பழக்கமில்லாத முகங்கள் விடியற்காலையில் உளியோடு வந்து நிற்கலாம்.

குணாளன் வரிசையின் ஓரத்தில் வந்து நின்றான். எங்கே நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் இடம் விடவில்லை. தங்கமலருக்கு அவன்மேல் நம்பிக்கை திரும்பியிருக்கவில்லை. அது இன்றோ நாளையோ திரும்பிவிடக்கூடியதுமில்லை. காஞ்சனா லோரியிலிருந்து அடுத்த மூட்டையைச் சரித்தாள். தங்கமலர் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கணவன் பக்கம் திருப்பினாள்.

"கெட்டியாப் புடிங்க" என்றாள். "இது உமாராணி வீட்டு அரிசி. நம்ம வீட்டுலதான் இருக்கப்போவுது."

அவன் பிடித்தான். வரிசை மறுபடி நகர்ந்தது.