அமைதிப் பலகையும் என் தொண்டையும்

எங்கள் ஊருக்கு அந்தப் பெரிய கோல்ஃப் போட்டி வரப்போகிறது என்று நாத்தனார் போன் செய்தபோது நான் தக்காளிப் பெட்டிகளின் மேல் ஏறி நின்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, வருது அண்ணி! நம்ம ஊருக்கே வருது!"

எது வருகிறது என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வேறு எதற்காகக் காத்திருந்தோம்? கால் தரையில் பாவவில்லை. அடுத்த பெட்டியை யாருக்கு விட்டேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது.

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுவது என் தொழில். மைக் கிடையாது. நாலு லாரி எஞ்சினை அணைக்காமல் நின்றாலும் கடைசி வரிசைக்காரருக்கு என் சத்தம் கேட்கும். நான் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டிலிருந்து 'அப்படியா?' என்று பதில் வரும் என்பார் என் வீட்டுக்காரர். அவர் தையல்காரர். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என் சத்தம் மட்டும் ஆகாது.

ஏலக்காரிக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு கடைவாய்ப் பல் செய்த வேலை. நாத்தனார் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். போன வருடம் அங்கே எனக்கு ரூட் கெனால் நடந்தது, நாலு முறை போக வேண்டியிருந்தது. அந்த டாக்டர் ஒரு கோல்ஃப் பைத்தியம். காத்திருக்கும் அறையில் டிவி எந்நேரமும் ஓடும், அதில் கோல்ஃபைத் தவிர வேறு எதுவும் ஓடாது. அதுவும் சத்தமில்லாமல். உள்ளே கவனம் சிதறும் என்று ரிமோட்டையே மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தார்.

முதல் நாள், வேலைவெட்டி இல்லாதவர்கள் புல்லில் நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். நாலாம் நாள், 'உள்ளே வாங்க' என்று கூப்பிட்டதற்கு, 'இந்தக் குழி முடியட்டும்' என்று சொன்னேன். பல் சரியான பிறகும் போனேன். யாராவது பார்த்தால் சும்மா நாத்தனாரைப் பார்க்க வந்தேன் என்பது.

டிவிக்குச் சத்தம் இல்லாததால் அந்த அறையில் சத்தத்தை நாங்களே கொடுத்தோம். பந்து குழியை நோக்கி உருள ஆரம்பித்தால் போதும். "போ, போ, போ ராசா... நில்லு, நில்லு!" என்று நான் தொடங்குவேன். கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவர்கூட ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பந்தை வா வா என்று அழைப்பார். அந்த அறையின் வழக்கமே அதுதான்.

எங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரிய போட்டிகளில் மூன்று முறை இரண்டாவதாக வந்தவர், ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. நன்றாக ஆடினாலும் சிரிக்கமாட்டார், தோற்றாலும் அழமாட்டார். எப்போதாவது பந்து கோணலாகப் போனால் மட்டும் வாயை அகலத் திறந்து, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி ஏதோ சொல்வார். பந்தைத் திட்டுகிறார் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். "திட்டட்டும் அண்ணி, மனசுல எவ்ளோதான் வச்சிக்குவாரு" என்பாள் நாத்தனார்.

இந்தப் போட்டியோடு அவர் ஓய்வு பெறுகிறார் என்று செய்தி வந்தது. எப்படியாவது ஒருமுறை அவரைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்தது. டிக்கெட்டோ விற்பனை தொடங்கிய கையோடு தீர்ந்துபோயிருந்தது. இருந்தது ஒரே வழி. போட்டிக்குத் தொண்டர்கள் தேவை என்று அறிவித்திருந்தார்கள். ஆட்டக்காரர் அடிக்கும்போது 'அமைதி' என்று எழுதிய பலகையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். டிக்கெட் வாங்கியவர்கள் ஆடும் இடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்பார்கள், தொண்டர்கள் கயிற்றுக்கு உள்ளே. நாத்தனார் இரண்டு பேருக்கும் சேர்த்தே மனு போட்டுவிட்டாள்.

வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அமைதிக்கு நீயா? ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா?"

"சிரிங்க, சிரிங்க. நான் உள்ள நிப்பேன், நீங்க டிவியில பாப்பீங்க."

மறுநாளிலிருந்து முன்னறையில் பயிற்சி. அவருடைய நீளமான மர ஸ்கேலை நான் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பேசக் கூடாது, அசையக் கூடாது. என்னைப் பேச வைப்பது அவர் வேலை. அந்த மனிதர் எனக்காக வாங்கி வைத்திருந்த பூப்போட்ட சட்டைத் துணியை எடுத்து மேசையில் விரித்தார். கைப்பகுதிக்குச் சாக்பீஸால் கோடு போட்டார். பூவெல்லாம் தலைகீழாக இருந்தது.

"பூ தலைகீழா இருக்குய்யா!"

"முப்பத்தெட்டு நொடி" என்றார் கடிகாரத்தைப் பார்த்து.

பத்து நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் அவர் தலைகீழாகவே கத்தரியை வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு கையை முழுதாக வெட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், நான் மூச்சு விடவில்லை. அவருக்கே பயம் வந்துவிட்டது. "ஏதாவது பேசுடி" என்றார். ஒரு கையில் மட்டும் தலைகீழ்ப் பூ உள்ள அந்தச் சட்டையைத்தான் தொண்டர் தேர்வு நாளன்று போட்டுக்கொண்டு போனேன்.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை, போட்டி நடக்கப்போகும் மைதானத்திலேயே. உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. டிவியில் கையளவு தெரிந்த புல்வெளி, நிஜத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. நாத்தனார் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தாள். கொடியிலிருந்த எண்ணைக் காட்டி, "அண்ணி, நம்ம பதினெட்டாவது குழி, கடைசிக் குழி!" என்றாள், சொந்தக்காரர் வீட்டைக் காட்டுவது மாதிரி.

எங்களைத் தேர்ந்தெடுக்க வந்தவர் ஓய்வு பெற்ற நூலகர் அம்மா. கண்ணாடிக்கு மேலாக அவர் ஒரு பார்வை பார்த்தால் இருமல் வந்தவர்கள் விழுங்கிக்கொள்வார்கள். உள்ளூர் ஆட்டக்காரர்கள் ஆடுவார்கள், நாங்கள் பலகை பிடிக்க வேண்டும். மூன்று குழிகள் நான் சிலை மாதிரி நின்றேன். நூலகர் அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தது எனக்குத் தெரிந்தது. நாலாவது குழியில் ஒருவர் தட்டிய பந்து மெல்ல மெல்ல உருண்டு வந்தது. டிவியில் வருமே, அதே வேகம், அதே வளைவு.

"போ, போ, போ ராசா... நில்லு, நில்லு!"

பக்கத்துக் குழிக்கு அந்த நேரம் பார்த்து மட்டையை ஓங்கியிருந்த ஒருவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பந்து குளத்தில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

நூலகர் அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"சந்தையில ஏலம் விடுறேன்."

"தெரியுது" என்று சொல்லிப் பலகைக்காகக் கையை நீட்டினார்.

கொடுத்தேன். அழுகை வந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. நாத்தனார் ஓடி வந்து, "நீங்க இல்லாம எனக்கும் வேண்டாம் அண்ணி" என்று தன் பலகையையும் கீழே வைக்கப் பார்த்தாள். "போடி லூசு, ஒருத்தியாவது அவரப் பாரு" என்று அவளைத் திருப்பி அனுப்பினேன்.

வாசலுக்குப் போகும் வழியில் பதினாலாவது குழி. அதன் வலது ஓரத்தில் பார்வையாளர்களுக்கு மரப்படிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து தச்சர்கள், பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர். அங்கே கிடந்த பலகைக் குவியலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். ஜெனரேட்டர் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. தூரத்தில் யாரோ ஒருவர் பந்தை அடிப்பது சத்தமில்லாத டிவி மாதிரி தெரிந்தது.

அடித்தவர் வாயை அகலத் திறந்தார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

சரி, இவரும் திட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அந்தக் கை எங்கே நீட்டியிருக்கிறது என்று பார்த்தேன். அது பந்தைக் காட்டவில்லை, எங்களைக் காட்டியது. இத்தனை மாதமாக உம்மணாமூஞ்சி யாரையும் திட்டவில்லை. 'பந்து வருகிறது, தலையைக் காத்துக்கொள்ளுங்கள்' என்று கத்தியிருக்கிறார். டிவியில் சத்தம் இல்லாததால் அது எங்களுக்குக் கேட்கவில்லை. இதோ இவர் கத்துவதும் ஜெனரேட்டர் இரைச்சலில் இந்த ஐந்து பேருக்குக் கேட்கவில்லை.

எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "தலையக் குனிங்க!"

ஐந்து தலையும் ஒரே நேரத்தில் இறங்கின. பெரிய தச்சர் குனிந்த மறுநொடி, அவர் தலை இருந்த இடத்துக்குப் பின்னாலிருந்த பலகையில் பந்து வந்து மோதியது. அவர் மெல்ல எழுந்து, பலகையில் விழுந்த வட்டப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"யம்மா, ஜெனரேட்டர் நின்னுபோச்சோன்னு நெனச்சேன். அப்படி ஒரு சத்தம்" என்றார். 

நூலகர் அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். பின்னாலேயே நாத்தனார். நூலகர் அம்மா பள்ளத்தைப் பார்த்தார், தச்சரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்க நாலாவது குழி வரைக்கும் கேட்டுச்சு. நீங்கதானா?"

"நான்தான். இதுக்குமா கத்தக் கூடாது?" என்றேன் வெடுக்கென்று.

"இதுக்குக் கத்தியே ஆகணும். கோல்ஃப்ல 'ஃபோர்'னு கத்துவாங்க, பந்து வருதுன்னு அர்த்தம். இந்த ஓரத்துக்குத்தான் கோணல் பந்தெல்லாம் வரும், எனக்கு இங்க நிக்க ஆள் கெடைக்கல. எல்லாரும் பலகை பிடிக்கத்தான் வந்திருக்காங்க." பையிலிருந்து ஒரு ஆரஞ்சு நிறச் சட்டையை எடுத்து நீட்டினார். "போட்டி நடக்குற நாலு நாளும் நீங்க இங்க. பலகை கெடையாது. பந்து இந்தப் பக்கம் வந்தா மட்டும் வாயத் தொறக்கணும். முடியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் நாத்தனார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். தச்சர்கள் கைதட்டினார்கள். நூலகர் அம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

திரும்பும் பேருந்தில் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசினோம். அவளுக்குப் பதினெட்டாவது குழி, பலகை. எனக்குப் பதினாலு, வலது ஓரம். "அவரு உங்க பக்கம் வந்தா கைக்கெட்டும் தூரம் அண்ணி! நீங்கதான் பந்து எங்க கெடக்குன்னு காட்டணும்!" என்றாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் உறைத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

உம்மணாமூஞ்சி என் பக்கம் வர வேண்டுமானால் பந்தைக் கோணலாக அடிக்க வேண்டும். கோணலாக அடித்தால் அவருடைய கடைசிப் போட்டியும் கையைவிட்டுப் போகும்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை வீட்டுக்காரர் அந்த ஆரஞ்சுச் சட்டையை என் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினார்.

"அப்போ அவரு உன் பக்கம் வரணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்."

யோசிக்காமல் வந்த பதில்தான். ஆனாலும் பொய் சொல்லமாட்டேன், மனசின் ஒரு மூலையில் 'ஒரே ஒரு தடவை' என்று ஒரு குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. அதை அதட்டி உட்கார வைத்தேன். வீட்டுக்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நானும் டிவியில உன்னத் தேட மாட்டேன். நீ தெரிஞ்சா அவரு கோணலா அடிச்சிருக்காருன்னு அர்த்தம்" என்றார். அந்த வார்த்தைக்காக அவர் வெட்டிய தலைகீழ்ப் பூவை மன்னித்தேன்.

முதல் நாள் காலை எனக்குப் பின்னால் படி நிறைய ஜனம். பெரிய தச்சர் தன் குடும்பத்தோடு வந்து, அந்தப் பள்ளம் விழுந்த பலகைக்குக் கீழேயே இடம் பிடித்திருந்தார். இரண்டு கோணல் பந்துகள் என் பக்கம் வந்தன, இரண்டு முறையும் நான் கத்தியதில் பின்னால் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு அவர் வந்தார்.

தூரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி. அந்த நடையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.  மூச்சை அடிவயிறு வரை இழுத்து வைத்துக்கொண்டேன். மட்டை உயர்ந்து இறங்கியது. நான் பந்தைப் பார்க்கவில்லை, அவருடைய வாயையும் வலது கையையும் மட்டுமே பார்த்தேன்.

வாய் திறக்கவில்லை. கை நீளவில்லை.

பந்து மைதானத்தின் நட்டநடுவே விழுந்து உருண்டது. உம்மணாமூஞ்சி அதை நோக்கி நடந்தார், கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தார். முகம் தெரியவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, சத்தமே இல்லாமல் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன்.