அக்காவுக்குத் தொண்டை கட்டிய அன்று

பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். வழிகாட்டிப் பேராசிரியைகூட வயதில் அவளுக்குச் சின்னவர். அறுவைச் சிகிச்சை நடக்கும்போது வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு எப்படித் தகவல் சொல்வது என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஒரு மருத்துவமனையில் பலித்த ஏற்பாட்டை மற்ற மருத்துவமனைகளும் எடுத்தாளும்படி தாளில் எழுதுவாள். அதை வார்ப்பு என்பாள். அப்படி ஐந்து வார்ப்புகள்.

அவை பிறர் கையில் உதவுமா என்று பார்க்க, வடிவமைப்பாளர்களிடம் கொடுத்து, அதன்படி காத்திருப்பு அறையை வரையச் சொன்னாள். இரண்டு மருத்துவமனைகளில் எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தது. மூன்றாவது இடத்துக்குப் போன அன்று தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வெந்நீரும் கையுமாக மூலையில் உட்கார்ந்தாள்.

'அடுத்த செய்தி எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்' என்றது ஒரு வார்ப்பு. அதைப் படித்த இரண்டு வடிவமைப்பாளர்களும் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்றை வரைந்தார்கள். இன்னும் எத்தனை நிமிடம் என்று அது குறைந்துகொண்டே வரும். அக்கா வெந்நீரைக் கீழே வைத்தாள். கணவருக்கு இதய அறுவை நடந்தபோது வெளியே காத்துக்கிடந்தவள் அவள். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தும் கதவு திறக்காவிட்டால்? நர்ஸ் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பதல்லவா அவள் நினைத்தது!

வெளியே வந்ததும், அவர்கள் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று, கூட வந்திருந்த வழிகாட்டியிடம் தாளில் கிறுக்கிக் காட்டினாள்.

"சரியாத்தான் படிச்சாங்க அக்கா. நர்ஸ் வரணும்னு நீங்க எங்க எழுதியிருக்கீங்க?"

தாளைப் புரட்டினாள். எங்கும் இல்லை. முந்தைய இரண்டு இடங்களிலும் பக்கத்தில் நின்று வாயாலேயே விளக்கி ஒப்பேற்றியிருக்கிறாள். அப்படியானால் அங்கே பலித்தது வார்ப்பல்ல, அவள்தான். அந்த முடிவுகளை ஒதுக்கத்தான் வேண்டும் என்று வழிகாட்டி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அழுதாள். மறுபடியும் செய்தால் என்ன ஆகும் என்று கணவர் கேட்டார்.

"பட்டம் ஆறு மாசம் தள்ளிப்போகும்" என்றாள், கிசுகிசுப்பாக.

"போகட்டுமே. நான் எங்க போயிடப்போறேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வார்ப்புகளைத் திருத்தி எழுதினாள். வரைந்தவர்கள் யாருமே பயன்படுத்தாத ஒன்றை மனசில்லாமல் எடுத்துப்போட்டாள். அடுத்த சோதனையின்போது குரல் நன்றாக இருந்தும் உள்ளே போகவில்லை. வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். வழிகாட்டி வரைபடங்களோடு வந்தார். கடிகாரம் இல்லை. நர்ஸ் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகக் கூடாதென்று, சொந்தக்காரர்களுக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"இது உங்க தாள்ல இல்லையே அக்கா."

"எனக்குத் தோணவே இல்லையே" என்றாள் அக்கா. அந்த வரைபடத்தை வாங்கி, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.