கொம்பனி றிம்மும் கட்டார் ரயரும்

ரயரைப் பார்த்துத்தான் ஆளை மதிக்கவேண்டும் என்ற ஞானம் பிரகலாதனுக்குக் கட்டாரில் வந்தது. மணலில் பாய்ந்து திரியும் முதலாளிமாரின் வாகனங்களைக் கழுவுவது அங்கே அவனுக்கு வேலை. கழுவியவனுக்கு ரயரைத் தெரியும் என்பது அவன் வாதம். சட்டி கழுவுகிறவனுக்குச் சமைக்கத் தெரியும் என்பதைப் போலத்தான். ஆனாலும் அவன் ஊரான சல்லியில் அதை மறுத்துப் பேச ஆளில்லை.

ஊருக்கு வந்து ஒரு சின்ன லொறி வாங்கினான். சம்மாட்டியார் சிவகுருநாதனின் கரைவலையில் படும் மீனைக் கடற்கரையிலிருந்து ஏற்றி, சந்தியில் நிற்கும் கொழும்பு ஐஸ் லொறியில் சேர்க்கவேண்டும். அந்த ஓட்டம் இருக்கும்வரை வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் கட்டார்தான். வந்திறங்கிய அன்றே மகள் கௌசிகா, "இனிப் போகமாட்டீங்கள்தானே அப்பா?" என்று கேட்டாள். தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தான்.

மணலுக்கு அந்தச் சத்தியம் தெரியாது. லொறி அடிக்கடி புதைந்தது. வலை இழுத்துக் களைத்தவர்கள் சில்லுக்கு முன்னால் தென்னோலைக் கிடுகு பரப்பி, அவனுடைய பரம்பரையையே திட்டிக்கொண்டு தள்ளினார்கள்.

"தம்பி, கீரிமீன் உன்னைப் பாத்துக்கொண்டு நிக்காது," என்றார் சம்மாட்டியார். "இன்னொருக்காப் புதைஞ்சா இறக்கக்கண்டியில இருக்கிற நஸ்ரியின்ர ட்ரக்ரருக்கு ஓட்டத்தைக் குடுத்திடுவன்."

ட்ரக்ரர். அந்தச் சொல்தான் பிரகலாதனைக் கிண்ணியாவில் ஹிஸ்புல்லாவின் ரயர்க்கடைக்குக் கொண்டுபோனது. கடைப் பலகையில் தன் பெயருக்கு முன்னால் 'ரயர் நிபுணர்' என்று எழுதிவைத்திருந்தார் ஹிஸ்புல்லா. கட்டிலுக்குப் போடும் மெத்தையைப் போல அகலமான நாலு ரயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"லொறியோட வந்த கொம்பனி றிம்முக்கு இது பிடிக்குமா?" என்று கேட்டான் பிரகலாதன்.

"றிம் கிடக்கட்டும் தம்பி. ரயர்தான் ராசா, றிம் மந்திரி. மந்திரி ஒல்லியா இருந்தா ராசாவுக்கு என்ன குறை?"

ராசா மந்திரியின்மேல் ஏறினார். ஒடுங்கிய றிம்மின் இரண்டு பக்கமும், சின்னச் சட்டைக்குள் அடங்காத தொப்பை மாதிரி ரயர் பிதுங்கியது. திருப்பச் சுக்கானை ஒடித்தால் மட்காட்டில் உரசியது. ஹிஸ்புல்லா மட்காட்டை வெட்டினார். அப்போதும் உரசியது.

"முழுசா ஒடிக்காதீங்க."

"ஒடிக்காம எப்பிடித் திரும்புறது?"

"பெரிய வட்டமாத் திரும்புங்க. பெரிய ஆக்கள் அப்பிடித்தானே திரும்புவாங்க."

இந்தப் பதில் பிரகலாதனுக்கு மிகவும் பிடித்துப்போனது. முத்துமாரி அம்மன் வாசலில் எலுமிச்சம்பழம் நசித்துப் பூசை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். மனைவி ஜெயரூபி குசினி வாசலில் நின்று லொறியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏறுறதுக்கு ஏணியும் வாங்கினீங்களோ?"

அந்தக் கிழமையே வலையில் கீரிமீன் அள்ளிக்கொண்டு பட்டது. வலைக்காரர் வழக்கம்போலக் கிடுகைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பிரகலாதன் ஆசனத்தில் இருந்தபடியே கையை உயர்த்தினான்.

"எடுங்கோ அதை. இந்த ரயருக்குக் கிடுகு போடுறது அவமரியாதை."

மணலில் புதையாமலிருக்க, கட்டாரில் பார்த்தபடி நாலு ரயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டான். வெறும் லொறி மணலில் வழுக்கிக்கொண்டு போனது. பெடியள் கூவினார்கள். தலைப்பாகையை அவிழ்த்து வீசினார் ஒருவர். சம்மாட்டியாரே முன் ஆசனத்தில் ஏறி இருந்தார். தன் வாழ்க்கையில் ஒருவரும் இதுவரை தனக்காகக் கைதட்டியதில்லை என்பது பிரகலாதனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மீனும் ஐசும் ஏறின. பாரத்தோடு திரும்பவேண்டும். சுக்கான் முழுதாக ஒடியாது. ஆகவே பெரிய ஆக்கள் திரும்புவது போலப் பெரிய வட்டமாக, இளகிய மணலுக்குள் திரும்பினான். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. காற்றிறங்கிய பின்பக்க ரயர் ஒல்லி மந்திரியை விட்டுப் புசுக்கென்று கழன்றது. வெறும் றிம் மணலை வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கியது.

லொறியைத் தூக்க ஜக்கை வைத்தார்கள். ஜக்கும் புதைந்தது. பலகை வைத்துத் தூக்கி, இருந்த மேலதிகச் சில்லைப் பூட்டினால் அது பழைய அளவு; லொறி நொண்டி மாடு போல் ஒரு பக்கம் சரிந்து மறுபடியும் புதைந்தது. வெயில் ஏறியது. பெட்டிகளிலிருந்து ஐஸ்தண்ணீர் வடிந்தது. கொழும்பு லொறிக்காரன் ஃபோனில் சிங்களத்தில் ஏசிவிட்டுப் போய்விட்டான்.

கடைசியில் நஸ்ரி வந்தான். பெட்டிகளை இறக்கித் தன் ட்ரக்ரர்ப் பெட்டியில் ஏற்றியவன், "மனசுல வெக்காதீங்க அண்ணன்," என்றான். அவன் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயிறு வெடித்த கீரியைக் கருவாட்டுக்குப் பிரித்தார்கள். வலை இழுத்தவர்களின் ஒருநாள் பாடு கருவாடானது. ஒருவரும் திட்டவில்லை. சம்மாட்டியார் வேட்டியை உதறிக்கொண்டு நஸ்ரியிடம், "நாளைக்கும் வாங்கோ தம்பி," என்று மட்டும் சொன்னார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த கௌசிகா சரிந்த லொறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மணலில் குந்தியிருந்த பிரகலாதன் எழும்பிக் கழன்ற ரயரைத் தட்டிக் காட்டினான்.

"ரயரில பிழை இல்லை மகள். றிம்தான் ஒடுக்கம். அகல றிம் போட்டா ரயர் கழராது. கட்டாரில எல்லாம்..."

அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு சப்பாத்துக்குள் போன மணலைக் கொட்டியபடி, அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

"எப்ப அப்பா போறீங்கள்?"