லெயோனியின் கணுக்காலில் ஒன்றுமில்லை

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு கேக் விற்பனையில் கிடைத்தது. அந்த விற்பனைக்கு நான் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பக்கத்தில் என் மனைவி புஸ்பவதி, கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டும் பட்டுச்சேலையில். கோட்டின் உட்பையில் அன்பளிப்புக் காசோடு ஒரு என்வலப்.

இடம் பீலெஃபெல்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபம். கதவைத் திறந்ததும் ரப்பர் மணம். நீள மேசையில் ஆப்பிள் கேக், சீஸ் கேக், தேனுஜாவின் ரோல்ஸ், பற்றிஸ். ஒரு பக்கம் விளையாட்டுச் சப்பாத்தோடு ஜெர்மன் பெற்றோர். மற்றப் பக்கம் எங்கள் சனம், தலையில் பூவும் கழுத்தில் நகையுமாக, எங்கே உட்காருவதென்று தெரியாமல். விஜயரத்தினம் அண்ணை என் காதுக்குக் கிட்ட வந்து, "தம்பி, மணவறை எங்கை?" என்று கேட்டார்.

எப்படி இந்தக் கூத்து நடந்தது? தேனுஜா எங்கள் தெருவில் இருப்பவள், பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். எதற்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்புகிற ஆள். இரண்டு நெட்டுக் கறிவேப்பிலை வேண்டுமென்றாலும் குரல்தான். அப்படிப்பட்டவள் ஃபோன் எடுத்து, "அண்ணை, கஜந்திக்காக ஒரு சின்ன ஏற்பாடு. அக்காவையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வாங்கோ" என்றாள். எங்கள் ஆட்களுக்குள் வீடு வீடாக ஃபோன் எடுத்துக் கூப்பிட்டால் அது விசேஷம். கேக் வாங்க வா என்று எவர் ஃபோன் எடுப்பார்? அவள் மகள் கஜந்திக்குப் பதினேழு வயது. பருவமடைந்தபோது அதற்கான மணவறையும் சாமத்தியச் சடங்கும் வேண்டவே வேண்டாமென்று அறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை. ஒருவழியாக மனம் மாறிவிட்டாளாக்கும் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம்.

தேனுஜாவைக் குறை சொல்ல முடியாது. கஜந்தியின் சியர்லீடிங் கழகத்தின் பொருளாளர் சபீனே பெற்றோர் கூட்டத்தில், "செய்தி அனுப்பினால் யாரும் வரமாட்டார்கள், ஒவ்வொருவரையும் நேராக அழையுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். தேனுஜா அப்படியே செய்தாள்.

2

கைவிட்ட தொடக்கங்கள் இரண்டை இங்கே போட்டுவைக்கிறேன். எறிய மனமில்லை.

'இசை அதிர்ந்தது. மின்னும் நீல உடையில் பெண்கள் காற்றில்' — காற்றில் என்ன செய்தார்கள் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கஜந்தியைக் கேட்டேன். அவள் சொன்ன பெயர்கள் எல்லாம் எனக்கு மருந்துப் பெயர்கள் போல இருந்தன.

'போட்டி விளையாட்டுகளில் பொருளாதார ஏற்றத்தாழ்வு என்பது' — இதைப் புஸ்பவதி வாசித்தாள். "உதை ஆர் வாசிக்கிறது?" என்றாள். அவ்வளவுதான், கிழித்தேன்.

3

ஆனாலும் பொருளாதாரம் என்னை விடவில்லை. எனக்கு இது புதினமாக இருந்தது.

சியர்லீடிங் என்றால் யாரோ விளையாட, ஓரத்தில் நின்று கைகாட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இவர்கள் யாருக்கும் கைகாட்டுவதில்லை. ஆளை ஆள் தூக்கி எறிந்து பிடிக்கிறார்கள், அதுவேதான் போட்டி. கீழே நின்று தூக்குகிறவள் பேஸ், மேலே ஏறி நிற்கிறவள் ஃப்ளையர். கஜந்தி பேஸ். வென்றால் கிண்ணம் கிடைக்கும், காசு கிடையாது. மாநிலத்தில் வென்றால் நாட்டுப் போட்டிக்குப் போகவேண்டும். அங்கேயும் வென்றால் ஐரோப்பாவுக்கு. பஸ், ஹோட்டல், பதிவுக் கட்டணம் என்று ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு பில் வருகிறது. தோற்ற அணி வீட்டில் இருந்து காசை மிச்சம் பிடிக்கிறது. கஜந்தியின் அணி இந்த வருடம் வென்றுகொண்டே போய்விட்டது. அடுத்த மாதம் இத்தாலியில் ஐரோப்பியப் போட்டி.

அதற்குத்தான் கேக். ஒரு தாய் மாவும் வெண்ணெயும் வாங்கிக் கேக் செய்கிறார். கொண்டுவந்து மேசையில் வைக்கிறார். பிறகு பக்கத்துத் தாயின் கேக்கைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார். பக்கத்துத் தாய் இவருடையதை. நான் சபீனேயிடம் கேட்டேன்: "நேராகக் காசையே பெட்டிக்குள் போட்டால் மாவுச் செலவாவது மிஞ்சுமே?"

சபீனே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படிக் கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள். கேக் வேண்டும்."

(இந்தப் பதில் எனக்குப் பிடித்தது. காசு கைமாறுவதற்கு நடுவில் ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது. அவர்களுக்குக் கேக், எங்களுக்கு மணவறை.)*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தேனுஜா ரோல்ஸுக்குக் காசு வாங்கவேயில்லை. "கூப்பிட்டு வந்த ஆக்களிட்டைச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கிறதோ? வெக்கக்கேடு!" ஜெர்மன்காரரிடமும் வாங்கவில்லை. கூட்டம் அள்ளியது, பெட்டிக்குள் ஒரு சதமும் விழவில்லை. சபீனே தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

4

என்வலப்புகளுக்கு வருகிறேன்.

வந்தவர்கள் எல்லோரும், நான் உட்பட, மணவறை இல்லையென்று தெரிந்த பிறகும் என்வலப்பைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. கஜந்தியின் கையில் வைத்துவிட்டுத்தான் வந்தோம். ஏன் தெரியுமா? தேனுஜா பதினைந்து வருடமாக எங்கள் எல்லோருடைய வீட்டு விசேஷத்துக்கும் வந்து கொடுத்தவள். அவள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள் ஒரு அரிப்பு. அன்றைக்கு அந்த உடற்பயிற்சி மண்டபத்தில் அது தீர்ந்தது. அவள் கணவர் ரஜிதன் ஓட்டும் லொறியில் ஏற்ற வேண்டும்போல அத்தனை என்வலப். (மிகை. வெட்டலாம். வேண்டாம், இருக்கட்டும்.)

அத்தனையிலும் கஜந்தியின் பெயர். சபீனே அவற்றைப் பெட்டிக்குள் போட மறுத்துவிட்டார். பெயர் எழுதியிருந்தால் அது கழகத்தின் காசு இல்லையாம். கேக்கில் சேர்ந்ததை எல்லோருக்கும் பிரித்தார்கள், ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கஜந்தியின் பயணச்செலவோ முழுக்கத் தீர்ந்து, மேலும் மிஞ்சியது.

இங்கே கதையை முடித்திருந்தால் இது ஒரு சிரிப்புக் கதை. முடிக்கத்தான் பார்த்தேன்.

5

அடுத்த கிழமை லெயோனிக்குக் கால் சுளுக்கிவிட்டது.

லெயோனிதான் கஜந்தியின் ஃப்ளையர். பதினொரு வயதிலிருந்து இவள் கையில் அவள் கால். பயிற்சியாளரிடம் போய், கணுக்கால் நோகிறது, இத்தாலிக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டாள். வரும் வருடம் அவள் வேறு ஊரில் வேலைப் படிப்புத் தொடங்குகிறாள். ஆகவே இதுதான் அவளுக்குக் கடைசி. அவள் இல்லாவிட்டால் இந்தக் குழு தூக்குவதற்கு ஆளில்லை, ஆட்டத்திலிருந்து இவர்களின் பகுதியையே எடுத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டுக் குசினியில் தாயோடு தேத்தண்ணி குடிக்க வந்திருந்தபோது கஜந்தி இதைச் சொன்னாள். சொன்ன விதம் எனக்கு மறக்காது.

"மாமா, அவளின்ரை காலிலை ஒண்டுமில்லை. எனக்குத் தெரியாதே? கிழமைக்கு மூண்டு நாள் அந்தக் காலைப் பிடிக்கிறன். நொந்தா என்ரை கைக்குத் தெரியும். காசில்லை, அதுதான் பொய் சொல்லுறாள்."

லெயோனியின் தாய் ஹைகே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார், தனியாள். அரசாங்க உதவி கேட்கச் சம்பளம் கூட, பிள்ளையை இத்தாலிக்கு அனுப்பச் சம்பளம் காணாது. இந்த இடைவெளிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணினால் எனக்குக் கோபம் வருகிறது. கேக் விற்பனைக்கு ஹைகே இரண்டு கேக் கொண்டுவந்திருந்தார்.

"மிச்சக் காசை அவளுக்குக் குடுப்பம், அம்மா" என்றாள் கஜந்தி.

"சும்மா நீட்டினா அந்த மனிசி வாங்குமே? நானெண்டா வாங்கமாட்டன்" என்றாள் தேனுஜா.

"அப்ப என்ன செய்யிறது?"

தேனுஜா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணை, காரை எடுங்கோ" என்றாள்.

6

(இந்த இடத்தில் கஜந்தி எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆயிரம் பேர் பார்க்க, முகமெல்லாம் மினுக்குப் பூசிக்கொண்டு நிற்கிற பிள்ளை, ஐம்பது பேர் முன்னால் சேலை கட்டி இருக்கமாட்டேன் என்கிறாள். எழுதுகிறவனுக்கு இது உதைக்கிறது. காரில் போகும்போது கேட்டும்விட்டேன். "மாமா, அங்கை நான் வேலை செய்யிறன். ஆளைத் தூக்கிறன். உங்கடை மேடையிலை நான் என்ன செய்யிறது? பொம்மை மாதிரிச் சும்மா இருக்கவேணும். எல்லாரும் வந்து பாப்பினம். என்னாலை ஏலாது." தேனுஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.)

7

ஹைகேயின் வீடு மூன்றாம் மாடி. குசினி மேசையில் ஹைகேயும் தேனுஜாவும். கதவோரம் கஜந்தி. நான் வாசல் நடையில், சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தபடி. லெயோனி தன் அறையில். அவர்கள் ஜெர்மனில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

தேனுஜா என்வலப்பை மேசையில் வைத்தாள். அதன் மேல் லெயோனியின் பெயர்.

ஹைகேக்கு முகம் சிவந்துவிட்டது. "நன்றி. ஆனால் நாங்கள் பிச்சை எடுப்பதில்லை."

"இது பிச்சை இல்லை" என்றாள் தேனுஜா. "பிச்சையைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. இதை நீங்கள் கட்டாயம் திருப்பித் தரவேண்டும்."

"எப்போது? என்னிடம் இப்போது..."

"இப்போது இல்லை. எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் வரும். நான் உங்களுக்கு ஃபோன் எடுப்பேன். நீங்கள் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு, என்வலப்போடு வருவீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் வருவேன். இது நிற்காது, போய்க்கொண்டேயிருக்கும். நாங்கள் அப்படித்தான் வாழ்கிறோம். எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், இதைத் திட்டாத ஆள் கிடையாது."

உண்மை. நானும் திட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் என்வலப்புக்கே சம்பளம் போகிறதென்று புலம்பியிருக்கிறேன். திருப்பிக் கேட்கிற காசைத்தான் தலைநிமிர்ந்து வாங்கலாம் என்று அந்த வாசல் நடையில் நிற்கும் வரைக்கும் எனக்குத் தோன்றியதேயில்லை. தேனுஜாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

ஹைகே என்வலப்பைத் தொடவில்லை. ஆனால் தள்ளிவிடவும் இல்லை. அந்த ஊர்க்காரருக்கே உரிய மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"சரி. உங்கள் விசேஷம் எந்தத் தேதி?"

தேனுஜாவிடம் தேதி இல்லை. அவள் வீட்டில் விசேஷமே கிடையாது, அதைச் செய்யவிடாத ஆள் கதவோரம் நிற்கிறாள். தேனுஜா திரும்பி மகளைப் பார்த்தாள். "கஜந்திக்கு வரும் வருடம் பதினெட்டு" என்று ஹைகேயிடம் சொல்லிவிட்டு, தமிழில் மெல்லக் கேட்டாள்: "என்ன பிள்ளை? மண்டபம் எடுத்து, சேலை கட்டி... செய்வமோ? உனக்கு விருப்பமில்லாட்டி நான் பொய் சொல்லமாட்டன். என்வலப்பை எடுத்துக்கொண்டு போவம்."

அறைக் கதவு கொஞ்சம் திறந்தது. லெயோனி. இரண்டு காலிலும் நன்றாகத்தான் நின்றாள்.

கஜந்தி வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ ஹோர்ன் அடித்தார்கள். விடாமல் அடித்தார்கள். யாரோ ஒருவரின் வாசலை மறித்து நான் காரை விட்டிருந்தேன். இந்த நாட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஓடினேன்.

8

திரும்பி ஏறுவதற்குள் அவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். தேனுஜாவின் கைப்பை மூடியிருந்தது, என்வலப் அதற்குள்ளா மேலே மேசையிலா என்று தெரியவில்லை. கஜந்தி காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களுக்கு இதை எழுதியிருக்கமாட்டேன், சும்மா ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அணி இத்தாலியில் வெல்கிறது, எல்லோரும் அழுகிறார்கள். புஸ்பவதி, "இஞ்சருங்கோ, வெண்டா அடுத்த போட்டிக்கும் காசு வேணுமெல்லோ?" என்றாள். வெட்டினேன்.

இரண்டாவதில் கஜந்தி 'ஓம்' என்கிறாள். எழுதும்போதே எனக்கு உறுத்தியது. அவள் தன் மனதுக்கு ஒவ்வாததைக் கூட்டாளிக்காகச் செய்கிறாள், நான் அதற்குக் கைதட்டுகிறேன். என்ன நியாயம்?

மூன்றாவதில் 'ஏலாது' என்கிறாள். அதுவும் நியாயம்தான். அதை எழுதி முடித்ததும் லெயோனியின் முகம் வந்து நின்றது. பேனையை வைத்துவிட்டேன்.

"நீங்கள் ஏன் அந்தப் பிள்ளைக்காக யோசிக்கிறியள்? அவள் யோசிப்பாள்" என்றாள் புஸ்பவதி.

9

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேசையில் ஃபோன் அடிக்கிறது. தேனுஜாவின் பெயர் தெரிகிறது. குரல் செய்தி இல்லை, நேராக ஃபோன்.

அவளைப் பற்றிக் கதை எழுதுகிறேன் என்று புஸ்பவதி உளறிவிட்டாளோ என்னவோ. ஏசுவதற்காக இருக்கலாம். ஏசவும் ஃபோன்தான் வேண்டும். அல்லது, எங்கள் ஆட்கள் எதற்கு ஃபோன் எடுப்பார்கள் என்று உங்களுக்கு இப்போது தெரியும். எங்களுக்குப் பிறகு அவள் இன்னொரு எண்ணையும் அழுத்துவாளா, அங்கே ஹைகே எடுப்பாரா என்பதும் இந்த மணிக்குள்தான் இருக்கிறது.

எனக்குக் கை போகவில்லை. கஜந்தி அன்றைக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று நானே கேட்டு நானே பதில் எழுதி அலுத்துவிட்டேன். இவ்வளவு தூரம் என்னோடு வந்தீர்கள், அவளை நீங்களும் பார்த்தீர்கள். அவள் கை பலமான கை என்பது எனக்குத் தெரியும். இம்முறை எதைத் தூக்கினாள் என்று தெரியாது.

மணி அடித்துக்கொண்டிருக்கிறது. நின்றுவிடப் போகிறது.

நீங்கள் எடுங்கோ.