எங்க வூட்ல கொசு கீது

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டிய அந்த ஊரில், ஜெயமணியின் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், வீட்டுக்கு வீடு தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். குடம் கவிழும். தேங்காய் ஓடு பறக்கும். பழைய டயர் ஒன்று தானாகக் கிளம்பி அடுத்த வீட்டுக் கொல்லையில் போய் விழும். அவள் கொசு ஒழிப்பு மஸ்தூர். கையில் டார்ச், தோளில் மருந்துப் பை, வாயில் ஒரே கேள்வி.

"கொசு கீதா?"

ஊரின் பதிலும் ஒன்றுதான். "கெடையவே கெடையாது!"

காரணம், மாரியம்மன் கோயில் மைக். எந்த வீட்டுத் தண்ணீரில் புழு நெளிகிறதோ அந்த வீட்டுப் பெயரை வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்னால் ஜெயமணி மைக்கில் படித்துவிடுவாள். ஊரே திரும்பிப் பார்க்கும். டீக்கடை ஏகாம்பரத்தின் பெயர் ஒருமுறை ஒலித்தபோது, அடுத்த ஊரில் இருந்த அவர் சம்பந்தி வீடு வரைக்கும் கேட்டதாம். அன்றிலிருந்து ஜெயமணியின் டீயில் சர்க்கரை குறைந்துவிட்டது.

அவள் கொடுமைக்காரி அல்ல. முந்தின வருஷம் ஐப்பசியில் அவள் மகள் இளவரசி டெங்குக் காய்ச்சலில் விழுந்து, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். அம்மன் புண்ணியத்தில் பிழைத்தாள். அதற்கப்புறம்தான் இந்த மைக்.

ஆடி வெள்ளியன்று, கோயிலில் கூழ் ஊற்ற அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த காலை வேளையில், சென்னை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து பிரிஸ்கில்லா பஸ்ஸில் வந்து இறங்கினாள். சின்ன வயசு, பெரிய பை. பை நிறைய வலைத்துணி கட்டிய காகிதக் கோப்பைகள்.

"அக்கா, எனக்குக் கொசு வேணும். உயிரோட."

நகைக்கடையில் போய்த் துரு இருக்கிறதா என்று கேட்டதைப் போல இருந்தது ஜெயமணிக்கு. "கொசுவா? இத்தினி வருசமா அதைத்தானே மேடம் தொரத்திக்கினு கீறேன்!"

பிரிஸ்கில்லா பொறுமையாகச் சொன்னாள். சில பூச்சிகளின் உடம்புக்குள் ஒரு பாக்டீரியா பிறவியிலேயே குடியிருக்கும். மனிதரை அது ஒன்றும் செய்யாது. "வாடகைக்குக் குடிவந்தவங்க மாதிரின்னு வச்சுக்கோங்க. சில கொசுவுக்குள்ள இவங்க முதல்லயே குடியேறிட்டா, டெங்குக் கிருமிக்கு அந்த வூட்ல இடம் கிடைக்கிறது கஷ்டம்." போன மாதம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிடித்த கொஞ்சம் கொசுக்களில் அந்த பாக்டீரியா இருப்பதுபோல் தெரிந்ததாம். உறுதி செய்ய நிறைய வேண்டும். "இன்னிக்குக் கிடைக்கலைன்னா உங்க ஊரை விட்டுட்டு வேற ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்க அக்கா. மூணு மணி பஸ்ஸுக்குள்ள பிடிச்சாகணும்."

ஜெயமணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலும் மகளின் சுருண்ட கையும் நினைவுக்கு வந்தன. "வா மேடம்," என்றாள். "கொசுதானே? வூட்டுக்கு வூடு வாங்கித் தர்றேன்."

முதல் வீடு தங்கவேலு வீடு.

"மாமா, கொசு கீதா?"

"கொசுவா? எங்க வூட்லயா?" என்று கேட்டுக்கொண்டே தங்கவேலு தன் தொடையில் பளாரென்று அடித்தார்.

"அது இன்னா மாமா?"

"அரிப்பு."

ஏகாம்பரம் அதற்கு மேல். "யம்மா, என் கடைக்கு ஈ வரும், கடன் சொல்றவன் வருவான். கொசு மட்டும் வராது." அவர் காதருகே ஒன்று ரீங்காரமிட்டது. அதை மறைக்க அவரும் அதே சுருதியில் விசிலடிக்க ஆரம்பித்தார்.

"மைக்குக்கு இல்ல அண்ணா, சத்தியமா! இது நல்லதுக்கு!"

"போன தபாவும் நல்லதுக்குன்னுதான் சொன்ன."

அதற்குள், ஜெயமணி சென்னை ஆபீசரையே அழைத்துவந்து சோதனை போடுகிறாள் என்ற செய்தி அவர்களை முந்திக்கொண்டு ஓடிவிட்டது. வேப்பிலைப் புகை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிளம்பியது. தெருவே மேகத்துக்குள் மறைந்தது. மிச்சமிருந்த ஒன்றிரண்டு கொசுக்களும் இருமிக்கொண்டே ஏரிப்பக்கம் போயிருக்கும். உச்சி வெயிலில் இருவரும் கோயிலுக்குத் திரும்பியபோது கோப்பைகள் காலி. இருவர் கண்களும் சிவப்பு.

ஜெயமணி அம்மன் முன்னால் நின்றாள். ஊரைத் திருத்தத்தான் மைக்கைப் பிடித்தாள். அந்த மைக்கே இன்று ஊரின் வாயைக் கட்டிவிட்டது. "தாயே, இத்தினி நாளா கொசுவே வேணாம்னு கும்பிட்டேன். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் கொஞ்சம் குட்றி."

பக்கத்தில் கூழுக்குச் சொம்போடு நின்றிருந்த கோவிந்தம்மாள் அதைக் கேட்டாள். ஊரிலேயே சுத்தமான வீடு கோவிந்தம்மாளுடையது. வாசற்படியைக் கூடச் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். அவள் பெயர் மைக்கில் வந்ததே இல்லை; அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. சொம்பைக் கீழே வைத்தாள். நேராகப் போய், பூசாரி கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க. போன தை மாசம் எங்க வூட்டுக்காரர் ஆஸ்பத்திரில கெடந்தப்ப, எங்க வூட்டு ஆட்டுக்கல்லு குழியில புழு நெளிஞ்சிக்கினு இருந்துச்சி. ஜெயமணிதான் மொண்டு ஊத்திட்டுத் தொடைச்சி வெச்சிட்டுப் போனா. வெள்ளிக்கெயம என் பேரைப் படிக்கல. இருக்கிற பேஜார்ல இது வேறயான்னு வுட்டுட்டா. அவ படிக்காத பேரை இன்னிக்கு நானே படிக்கிறேன். கோவிந்தம்மாள்!" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இப்பவும் எங்க வூட்ல கொசு கீது. பொகைக்குத் தப்பிச்சி பீரோவுக்குப் பின்னால கல்யாணக் கூட்டம் மாதிரி கீது. வாங்க, வந்து புடிச்சிக்கினு போங்க!"

ஜெயமணி அந்த ஆட்டுக்கல்லை மறந்தே போயிருந்தாள். ஒரு சொம்பு அழுக்குத் தண்ணீரை மொண்டு ஊற்றியது யாருக்கு ஞாபகம் இருக்கும்? நாம் மறந்துவிடுகிற நல்லதைத்தான் அம்மன் பத்திரமாக எடுத்து வைத்திருப்பாள் போலிருக்கிறது.

கூட்டத்தில் நின்ற தங்கவேலு தொண்டையைச் செருமினார். "அந்த வூட்லயே கீதுன்னா... எங்க வூட்ல மாட்டுக் கொட்டாய்ல கீது. ஏராளமா."

"அதெல்லாம் ஒரு கொசுவா?" என்றார் ஏகாம்பரம். "என் கடை பெஞ்சுக்கு அடியில வந்து பாரும்மா. ஒவ்வொண்ணும் குருவி சைஸ்ல கீது!"

"எங்க வூட்டுக் கொசு கொசுவத்தியைப் பாத்தாலும் பயப்படாது!"

அவ்வளவுதான். ஊர்வலம் கிளம்பிவிட்டது. கோயிலுக்குப் பம்பை மேளம் அடிக்க வந்தவர்கள் யாரும் கூப்பிடாமலே பின்னால் வந்தார்கள். கோவிந்தம்மாள் வீட்டு வாசலில் அவர்கள் அடித்த அடியில் பீரோ அதிர்ந்தது; பின்னாலிருந்து கொசுக்கள் புகை மாதிரி எழுந்தன. பிரிஸ்கில்லா கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைக் கொசுவுக்குக் காட்டி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள்.

"ஐயையோ, முயுங்கிட்டாங்க!" என்று யாரோ அலறினார்கள்.

"நடுவுல வலை இருக்குங்க," என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல். சிரித்தால் உறிஞ்ச முடியாது. உறிஞ்சினால் ஜனங்கள் சிரித்தார்கள். ஜெயமணி குழாயை வாங்கிக்கொண்டாள். ஒழிப்பு வேலை பார்த்த கை, ஒரு கொசுவுக்கும் கால் ஒடியாமல் கோப்பையில் இறக்கியது. வழியில் உயிரோடிருக்க அவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வேண்டும் என்றதும் ஏகாம்பரம் ஓடினார். கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீரும், ஜெயமணிக்கு ஒரு டீயும் கொண்டு வந்தார். டீ பாயசம் போல இனித்தது.

மூன்று மணி பஸ்ஸில் கண்டக்டர் பையைப் பார்த்தார். "இன்னாம்மா உள்ள?"

"கொசு."

"எறங்கு."

"ஏத்திக்கினு போய்யா!" என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. "எங்க வூட்டுக் கொசு!"

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு விசிலை ஊதினார். ஒரு கையில் கொசுப் பை, மறு கையில் கோவிந்தம்மாள் கொடுத்த கூழ்ச் சொம்பு என்று பிரிஸ்கில்லா ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள்.

புரட்டாசியில் பிரிஸ்கில்லாவிடமிருந்து போன் வந்தது. கொசுக்களில் அந்த பாக்டீரியா இருப்பது உறுதியாகிவிட்டதாம். கோவிந்தம்மாள் வீட்டுக் கோப்பையில்தான் அதிகமாம். அது டெங்குவை உண்மையாகவே தடுக்குமா என்பதை இனிமேல்தான் சோதிக்க வேண்டும், காலம் பிடிக்கும். ஆனால் இந்த ஊரை விடப்போவதில்லை. ஜெயமணி போனை வைத்துவிட்டு இளவரசியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அந்த வெள்ளிக்கிழமை மைக்கில் அவள் ஒரே ஒரு பெயரைப் படித்தாள். "கோவிந்தம்மாள்!" கூட்டம் கைதட்டியது. கோவிந்தம்மாள் முகம் கற்பூரத் தட்டாக ஜொலித்தது. அவள் மெல்ல நகர்ந்து வந்து ஜெயமணியின் காதருகே குனிந்தாள்.

"ஏன்டி ஜெயமணி, அவ்ளோ நல்ல கொசுவா கீதே... ஆட்டுக்கல்லுல கொஞ்சூண்டு தண்ணி வுட்டு வெக்கட்டுமா?"

"வெச்சித்தான் பாரேன் அக்கா," என்றாள் ஜெயமணி. "மைக் கையிலதான் கீது."